இரும்பு, கண்ணாடி, டிரான்ஸ்ஃபார்மர்: கொஞ்சம் கடுப்பு, கொஞ்சம் கணக்கு

"அமார்ஃபஸ் கோர் டிரான்ஸ்ஃபார்மரா? விலை அதிகம், சத்தம் அதிகம், சைஸ் பெருசு, எரிஞ்சு போனா பிரிச்சு ரிப்பேர் பண்ணவும் முடியாது. அதைப் போய் எவன்டா வாங்குவான்?"

மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மின்னியல் துறை நண்பன் ஒருத்தன் கேட்டது இது. நான் உலோகவியல் துறை. கடந்த ஒரு வருஷமாக புராஜெக்ட் என்ற பெயரில் இந்த அமார்ஃபஸ் இரும்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கேட்டான். அவன் சொன்ன நாலு குறையும் உண்மை, கடுப்பே அதுதான். நாலும் உண்மையாக இருந்தும் அவனுடைய முடிவு தப்பு என்று நினைக்கிறேன். அன்றைக்கு சாம்பார் ஆறிக்கொண்டிருந்ததால் விளக்க முடியவில்லை. இங்கே யாரும் குறுக்கே பேச முடியாது என்பதால் நிதானமாகச் சொல்கிறேன் :-)

முதலில் இந்தப் பொருள் என்ன என்று பார்த்துவிடுவோம். தெரிந்தவர்கள் நாலு பத்தி தாண்டிப் போகலாம்.

உலோகம் என்றாலே அணுக்கள் வரிசை கட்டி நிற்கும் படிகம் என்றுதான் முதல் செமஸ்டரிலிருந்து படிக்கிறோம். இரும்பில் ஒரு கனசதுரத்தின் எட்டு மூலையிலும் எட்டு அணு, நடுவில் ஒன்று, அதே அமைப்பு திரும்பத் திரும்ப. உருகிய உலோகத்தில் இந்த வரிசை கிடையாது. திருவிழாக் கூட்டம் மாதிரி அணுக்கள் முட்டி மோதிக்கொண்டிருக்கும். குளிரும்போது அவை தத்தம் இடத்தைத் தேடிப் போய் உட்கார்ந்துகொள்கின்றன. உட்கார நேரமே கொடுக்காமல் குளிர்வித்தால்? கூட்டம் நின்ற நிலையிலேயே உறைந்துவிடும். ஜன்னல் கண்ணாடியின் உள்ளமைப்பும் அப்படித்தான். அதனால்தான் இதற்கு உலோகக் கண்ணாடி என்று பெயர். கண்ணாடி என்றதும் அந்தப் பக்கம் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். பார்வைக்கு பளபளப்பான தகரம் மாதிரிதான் இருக்கும்.

சொல்வது சுலபம். உலோக அணுக்கள் இடம் பிடிப்பதில் நம்ம ஊர் பஸ் பயணிகளைவிட வேகமானவை. அவற்றை முந்த வேண்டுமென்றால் நொடிக்கு பத்து லட்சம் டிகிரி என்ற வேகத்தில் குளிர்விக்க வேண்டும். அதாவது ஆயிரம் டிகிரி இறங்க ஒரு மில்லி செகண்ட். 1960-ல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் போல் டுவேயும் அவருடைய குழுவினரும் தங்கமும் சிலிக்கானும் கலந்த ஒரு கலவையை இப்படிக் குளிர்வித்தபோது முதல் உலோகக் கண்ணாடி கிடைத்தது. அவர்கள் கண்ணாடியைத் தேடிப் போகவே இல்லை. செம்பையும் வெள்ளியையும் எல்லா விகிதத்திலும் ஒரே திடக்கரைசலாகக் கலக்க முடியுமா என்று பார்ப்பதற்காகத்தான் அந்த அதிவேகக் குளிர்விப்பு முறையையே உருவாக்கினார்கள். கிடைத்த தங்கக் கண்ணாடியும் அறை வெப்பநிலையில் நிலைத்து நிற்கவில்லை, கொஞ்ச நேரத்தில் படிகமாக மாற ஆரம்பித்துவிட்டது. இதை வைத்து என்ன செய்வது என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்காது.

இரும்பு 1967-ல் வருகிறது. அதே டுவே, இந்த முறை லின் என்பவரோடு சேர்ந்து, இரும்பு, பாஸ்பரஸ், கார்பன் கலந்து கண்ணாடி செய்தார். அது காந்தமாகவும் இருந்தது. இதில் என்ன ஆச்சரியம், இரும்பு காந்தம்தானே என்று கேட்கக் கூடாது. ஃபெர்ரோ காந்தத்துக்கு அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று நிறையப் பேர் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஒழுங்கே இல்லாவிட்டாலும் காந்தத்தன்மை இருக்க முடியும் என்று 1960-லேயே குபானோவ் என்ற சோவியத் இயற்பியலாளர் கணித்திருந்தார். அந்தக் கணிப்பு இரும்பிலும் மெய்யானது.

வெறும் இரும்பை வைத்து இதைச் செய்ய முடியாது. நூறு அணுவில் சுமார் 80 இரும்பு, மீதி போரான், சிலிக்கான், பாஸ்பரஸ், கார்பன் மாதிரி ஆட்கள் வேண்டும். இவர்கள் இரண்டு வேலை செய்கிறார்கள். ஒன்று, உருகுநிலையை இறக்குகிறார்கள். சுத்த இரும்பு 1538 டிகிரியில் உருகும், சரியான அளவு போரான் சேர்த்தால் 1174 டிகிரியிலேயே முழுக்க உருகிவிடும். இரண்டு, இரும்பு அணுக்களுக்கு நடுவில் நுழைந்துகொண்டு அவை வரிசை கட்டவிடாமல் கலாட்டா செய்கிறார்கள். அப்படியும் வேகம் குறைந்தால் படிகமாகிவிடும். அதனால் வேகமாகச் சுற்றும் செப்புச் சக்கரத்தின் மேல் உருகிய உலோகத்தை மெல்லிய தாரையாகப் பீய்ச்சுவார்கள். சக்கரத்தின் விளிம்பு நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் ஓடும், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர். உலோகம் சக்கரத்தைத் தொட்ட மாத்திரத்தில் உறைந்து நாடாவாகப் பறந்து வரும். தடிமன் 25 மைக்ரான் அளவுதான், தலைமுடியைவிட மெல்லிசு. முதல் தடவை ஆய்வகத்தில் அந்த நாடா சீறிக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்தபோது தீபாவளி புஸ்வாணம் ஞாபகம் வந்தது. அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அதைச் சுத்தம் செய்யத்தான் அரை நாள் ஆனது.

சரி, அதனால் என்ன லாபம்? இதைச் சொல்ல டிரான்ஸ்ஃபார்மருக்குள் போக வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மரின் கோர் நொடிக்கு 50 தடவை ஒரு பக்கமும் மறு பக்கமும் காந்தமாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் இரும்புக்குள் இருக்கும் காந்த வட்டாரங்களின் எல்லைச் சுவர்கள் நகர வேண்டும். சாதாரண இரும்பில் கிரெய்ன் எல்லைகள், படிகத் திசைகள் என்று அந்தச் சுவர்களுக்கு வழியெங்கும் முட்டுக்கட்டை. ஒவ்வொரு முட்டலிலும் கொஞ்சம் ஆற்றல் சூடாகப் போகிறது. இதற்கு நார்மன் காஸ் என்பவர் 1930-களில் கண்டுபிடித்த தீர்வுதான் இன்றைக்கும் உலகம் முழுக்க ஓடும் சி.ஆர்.ஜி.ஓ. சிலிக்கான் ஸ்டீல். மூன்று சதவீத அளவு சிலிக்கான் சேர்த்து, உருட்டி, சுட்டு, எல்லா கிரெய்ன்களும் சுலபமாகக் காந்தமாகும் திசையை நீளவாக்கில் வைத்துக்கொள்ளும்படி செய்வது. என்னைக் கேட்டால் உலோகவியலின் மிக அழகான வேலைகளில் அது ஒன்று. இந்தக் கட்டுரையில் அதைத் திட்டப் போகிறேன் என்று யாராவது எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள்.

அமார்ஃபஸ் இரும்பு வேறு வழியில் போகிறது. அதில் கிரெய்னே இல்லை, எனவே கிரெய்ன் எல்லையும் இல்லை. படிகமே இல்லாதபோது படிகத்தின் சுலபத் திசை, கஷ்டத் திசை என்ற பேச்சும் இல்லை. காந்தச் சுவர்கள் வழுக்கிக்கொண்டு போகின்றன. இது போதாதென்று மின்தடை எண்ணும் சி.ஆர்.ஜி.ஓ.வைப் போல இரண்டு மடங்குக்கு மேல். தடிமனோ பத்தில் ஒரு பங்குதான், அங்கே 230 மைக்ரான் என்றால் இங்கே 25. சுழல் மின்னோட்டங்கள் ஓடுவதற்கு இடமே இல்லை. இதெல்லாம் சேர்ந்து கோர் இழப்பை சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகிறது.

இப்போது குறைகளுக்கு வருகிறேன். நண்பனுக்கு ஒரு வாரம் முன்பே அவற்றை என் கையால் தெரிந்துகொண்டவன் நான்.

சக்கரத்திலிருந்து வரும் நாடாவை விரலால் இரண்டாக மடக்கலாம், உடையாது. கத்தரிக்கோலால் வெட்டுவது மட்டும் கஷ்டம். கடினத்தன்மை விக்கர்ஸ் அளவில் 900, நல்ல கத்திகளையும் மிஞ்சும். ஆனால் குளிர்ந்த வேகத்தில் அதற்குள் ஏகப்பட்ட இறுக்கம் சிக்கியிருக்கும். இந்த நாடாவில் காந்தத்தன்மை நீளும் தன்மையோடு பிணைந்தது என்பதால், இறுக்கம் இருந்தால் காந்தக் குணம் கெடும். அதைத் தளர்த்த 350 டிகிரி பக்கம் சூடாக்கி, காந்தப்புலத்தில் வைத்துப் பதப்படுத்த வேண்டும். 500 டிகிரியைத் தாண்டினால் படிகமாகிப் பாழாகிவிடும். நான் நாடாவை மோதிரம் மாதிரி சுற்றி, உலையில் வைத்து, ஒரு மணி நேரம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்து, ஆறவிட்டு, இடுக்கியால் தூக்கினேன். அப்பளம் மாதிரி நொறுங்கியது. மடக்கினாலும் உடையாத அதே நாடா! பதப்படுத்தினால் காந்தக் குணம் பிரமாதம், ஆனால் தொட்டால் தூள். பதினைந்து மோதிரங்களில் அளந்து பார்க்க மிஞ்சியவை நாலு. வழிகாட்டி ஆசிரியர் சிரித்துவிட்டு, "தொழிற்சாலையிலயும் இதே பிரச்சினைதான்யா" என்றார். ஆறுதலாகவா சொன்னார் என்று இன்னும் தெரியவில்லை.

மற்ற குறைகளும் இருக்கின்றன. இரும்பில் ஐந்தில் ஒரு பங்கு இடத்தைக் காந்தமில்லாத போரானும் சிலிக்கானும் அடைத்துக்கொண்டிருப்பதால் உச்சபட்சக் காந்தச் செறிவு 1.56 டெஸ்லாதான். சிலிக்கான் ஸ்டீலில் 2.03. அதே மின்னழுத்தத்துக்கு அதிக குறுக்குவெட்டு கோர் வேண்டும், அதைச் சுற்ற அதிக செம்பு வேண்டும். நாடா மெல்லியது, மேற்பரப்பும் கொஞ்சம் மேடுபள்ளம், அதனால் அடுக்கினால் நடுவில் காற்று நிறைய. சைஸ் பெரிது என்று நண்பன் சொன்னதற்குக் காரணம் இவைதான். சத்தம்? காந்தமாகும்போது இந்த உலோகம் மீட்டருக்கு 27 மைக்ரான் நீள்கிறது. நொடிக்கு 100 தடவை நீண்டு சுருங்கினால் ரீங்காரம் வராமல் என்ன செய்யும். நாடாவின் அகலமும் 142, 170, 213 மில்லிமீட்டர் என்று சில அளவுகளில்தான் வருகிறது. எனவே கோரின் குறுக்குவெட்டு செவ்வகமாகிவிடுகிறது, அதன் மேல் சுற்றும் காயிலும் செவ்வகம். ஷார்ட் சர்க்யூட் வரும்போது வட்டமான காயில் தாங்குகிற விசையைச் செவ்வகக் காயில் அவ்வளவு நன்றாகத் தாங்காது. கூடுதலாக முட்டுக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவையும் நானே ஒப்புக்கொண்ட பிறகு மிச்சம் என்ன இருக்கிறது? கணக்கு இருக்கிறது.

அதற்கு முன்னால் ஒரு சின்ன இடைச்செருகல். இந்தத் துறையில் கவனம் எல்லாம் வேறு பக்கம்தான் போகிறது. 2004-ல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள், ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் ஒன்று, வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒன்று, இரும்பை அடிப்படையாகக் கொண்ட கண்ணாடியை சென்டிமீட்டர் தடிமனுக்கு வார்த்துக் காட்டின. வர்ஜீனியா கட்டுரையில் முதல் பெயர் பொன்னம்பலம். அதைப் பார்த்ததும் ஒரு தடவை நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்பதை மறைக்க மாட்டேன் :-) உலோகவியலாகப் பார்த்தால் அது பெரிய சாதனை. நாடாவாக மட்டுமே கிடைத்ததைக் கம்பியாக வார்ப்பதற்கு குரோமியம், மாலிப்டினம், இட்ரியம் அல்லது எர்பியம் என்று கலவையை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதைத் தொடர்ந்து வந்த செய்திகள் எல்லாம் 'எஃகைவிட மூன்று மடங்கு வலிமை' என்ற தலைப்பிலேயே நின்றுவிட்டன. அந்த வலிமை அழுத்தும்போது. இழுத்தால் கதை வேறு. படிகத்தில் இடப்பிறழ்வுகள் நகர்ந்து கொடுத்து, வளைந்து, எச்சரித்துவிட்டுத்தான் உடையும். இங்கே நகர்வதற்கு அப்படி எதுவும் கிடையாது. ஒரே ஒரு மெல்லிய பட்டையில் எல்லா உருமாற்றமும் குவிந்து, பட்டென்று போய்விடும். இரும்புக் கண்ணாடிகள் அந்தக் குடும்பத்திலேயே அதிகம் நொறுங்குபவை. பாலம் கட்ட மாட்டார்கள், கட்டவும் கூடாது.

துருப்பிடிக்காத பூச்சாக வேண்டுமானால் பயன்படும். 1974-லேயே ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் மசுமோட்டோ, ஹாஷிமோட்டோ குழுவினர் குரோமியமும் பாஸ்பரசும் சேர்ந்த இரும்புக் கண்ணாடி அமிலத்தில் துருப்பிடிக்காத எஃகையே தோற்கடிப்பதைக் காட்டினார்கள். அரிப்பு வழக்கமாக ஆரம்பிக்கும் கிரெய்ன் எல்லையே இல்லையே. அந்த யோசனை பிற்பாடு அமெரிக்கக் கடற்படைப் பூச்சுகள் வரை ஆராயப்பட்டது. இருக்கட்டும். கத்தி, கவசம், பூச்சு என்று பேசுபவர்கள் பேசட்டும். இந்த உலோகம் சத்தமில்லாமல், சரி, கொஞ்சம் ரீங்காரத்தோடு, உலகத்துக்கு உழைத்துக்கொண்டிருக்கும் இடம் டிரான்ஸ்ஃபார்மர் கோர்.

டிரான்ஸ்ஃபார்மரில் இழப்பு இரண்டு வகை. செம்புச் சுருளில் போவது சுமையின் வர்க்கத்தைப் பொறுத்தது. சுமை பாதியானால் இழப்பு கால்வாசி. நடுராத்திரியில் தெரு தூங்கும்போது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. கோர் இழப்பு அப்படி இல்லை. மின்சாரம் வந்துகொண்டிருக்கும் வரை, யாரும் ஒரு பல்புகூடப் போடாவிட்டாலும், 24 மணி நேரமும், ஆயுள் முழுக்க, அதே அளவு. ஒரு கணக்குக்கு 100 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றில் சிலிக்கான் ஸ்டீல் கோர் 180 வாட் தின்கிறது, அமார்ஃபஸ் கோர் 60 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 120 வாட். இரண்டு மின்விசிறி ஓடும் செலவு கூட இல்லை என்று தோன்றும். வருஷத்துக்கு 8760 மணி நேரம். 1051 யூனிட். 25 வருஷத்தில் 26,280 யூனிட். யூனிட் ஐந்து ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் 1,31,400 ரூபாய். ஒரே ஒரு டிரான்ஸ்ஃபார்மர். ஊருக்கு எத்தனை நிற்கிறது என்று அடுத்த தடவை பஸ்ஸில் போகும்போது எண்ணிப் பாருங்கள்.

விலை அதிகம் என்று நண்பன் சொன்னது வாங்கும் நாள் விலை. குறைந்த விலை கேட்டவருக்கே ஆர்டர் என்று டெண்டர் போட்டால் அந்த ஒரு நாளின் விலைதான் ஜெயிக்கும். மீதி 25 வருஷத்து விலையை வேறு யாரோ, அதாவது நாம், கட்டிக்கொண்டிருப்போம். இழப்புக்கும் ஒரு விலை போட்டு, கொள்முதல் விலையோடு கூட்டி ஒப்பிடும் முறை ஏற்கெனவே இருக்கிறது. பல மின் நிறுவனங்களின் ஆவணங்களிலேயே அதற்கான சூத்திரம் இருக்கிறது. சூத்திரத்தில் இழப்புக்கு எவ்வளவு விலை போடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

நம்மூர் தரநிலையில் எனக்கு ஒரு தனிப் புலம்பல் இருக்கிறது. வினியோக டிரான்ஸ்ஃபார்மருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1180, 2014 பதிப்பு, இழப்புக்கு உச்சவரம்பு வைப்பது 50 சதவீதச் சுமையிலும் 100 சதவீதச் சுமையிலும். இரண்டிலும் மொத்த இழப்பு. கோர் இழப்பு தனியாக இவ்வளவுதான் இருக்கலாம் என்று கேட்பதில்லை. இதில் என்ன தப்பு என்று பார்க்க இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களைக் கற்பனை செய்வோம். முதலாவதில் கோர் இழப்பு 180 வாட், முழுச் சுமையில் செம்பு இழப்பு 1360. இரண்டாவதில் கோர் 95, செம்பு 1700. பாதிச் சுமையில் செம்பு இழப்பு கால்வாசியாகும்: முதலாவது 180 + 340 = 520. இரண்டாவது 95 + 425 = 520. பாதிச் சுமையில் அச்சு அசல் ஒரே மதிப்பெண். இப்போது இரண்டையும் இரவில் பத்து வீடு மட்டும் விழித்திருக்கும் ஒரு ஊரில் வைத்து, சுமை 20 சதவீதம் என்று கொள்வோம். முதலாவது 234 வாட், இரண்டாவது 163. ஊரே தூங்கி 10 சதவீதம் ஆனால் 194-க்கு 112. பரீட்சையில் சமமாக மார்க் வாங்கிய இருவரில் ஒருத்தன் வேலைக்குப் போன பிறகு தினமும் கூடுதலாகத் தின்கிறான்.

நியாயமாகப் பேச வேண்டுமானால் அடுத்த வரியையும் சொல்ல வேண்டும். அதே ஜோடியை எப்போதும் முழுச் சுமையில் ஓடும் கடைத்தெருவில் வையுங்கள். முதலாவது 1540, இரண்டாவது 1795. அங்கே சிலிக்கான் ஸ்டீல் 255 வாட் மிச்சம் பிடிக்கிறது. அதனால்தான் எல்லா இடத்திலும் அமார்ஃபஸ் போடு என்று கோஷம் போட எனக்கு மனசு வரவில்லை. எங்கே நிற்கப் போகிறது, என்ன சுமை வரும் என்று கேட்டுவிட்டு வாங்கு என்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்டாலே கிராமத்து டிரான்ஸ்ஃபார்மர்களில் பெரும்பாலானவற்றுக்கு பதில் அமார்ஃபஸ் என்றுதான் வரும் என்பது என் கட்சி. பம்ப்செட் ஓடாத நேரம் எல்லாம் கோர் மட்டும்தானே தின்றுகொண்டிருக்கிறது.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் இல்லை. 2022 டிசம்பர் கடைசியில் அமெரிக்க எரிசக்தித் துறை ஒரு விதியை முன்மொழிந்தது. வினியோக டிரான்ஸ்ஃபார்மர்களின் திறன் அளவை உயர்த்துவது, 2027 முதல் அமல். அந்த அளவைத் தொட வேண்டுமானால் கிட்டத்தட்ட எல்லாமே அமார்ஃபஸ் கோருக்கு மாற வேண்டியிருக்கும். உடனே பிரளயம். அங்கே கிரெய்ன் திசைப்படுத்திய எஃகு செய்வது ஒரே ஒரு நிறுவனம், கிளீவ்லாண்ட்-கிளிஃப்ஸ், பென்சில்வேனியாவின் பட்லர் ஆலையில். வேலை போய்விடும் என்று தொழிற்சங்கம் எதிர்த்தது. அமார்ஃபஸ் நாடா செய்வதும் அங்கே ஒரே ஒரு ஆலைதான், தென் கரோலினாவின் கான்வே ஊரில் இருக்கும் மெட்கிளாஸ். அது எப்படி மொத்த நாட்டுக்கும் நாடா கொடுக்கும் என்று மின் நிறுவனங்கள் கேட்டன. அந்த நேரத்தில் டிரான்ஸ்ஃபார்மருக்கே தட்டுப்பாடு, ஆர்டர் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 2024 ஏப்ரலில் விதி இறங்கி வந்தது. ஐந்து வருஷ அவகாசம், சந்தையில் முக்கால்வாசி பழைய எஃகிலேயே தொடரலாம்.

இதை முதலில் படித்தபோது எனக்கு நல்ல கோபம். இயற்பியலை அரசியல் தோற்கடித்துவிட்டது என்று வகுப்பில் வசனம் பேசினேன். இப்போது அவ்வளவு நிச்சயம் இல்லை. மூன்று வருஷத்துக்குள் ஒரே ஒரு நாடா ஆலையை நம்பி ஒரு நாட்டின் மின்கட்டமைப்பை மாற்று என்பது யோசனையில்லாத காரியம்தான். பட்லர் ஆலைத் தொழிலாளிக்கு 'உன் வேலை போனால் என்ன, யூனிட் மிச்சமாகும்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் முக்கால்வாசி விலக்கு அதிகம். சின்னச் சுமையில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர்களையாவது தனியாகப் பிரித்திருக்கலாம். காலத்தை நீட்டியது சரி, இலக்கை இவ்வளவு சுருக்கியது சரியில்லை.

நமக்கு அந்த மாதிரி சிக்கல்கூடக் கிடையாது. சி.ஆர்.ஜி.ஓ. தேவையில் பெரும்பகுதியை இவ்வளவு காலமாக நாம் இறக்குமதிதான் செய்து வந்திருக்கிறோம். பழைய டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்த கழிவுத் தகடுகள் வெளிநாட்டிலிருந்து வந்து, வெட்டித் தைத்துப் புதுசு மாதிரி கோராகிய கதையும் ஊரறிந்தது. அதைத் தடுக்கத்தான் தரக்கட்டுப்பாட்டு ஆணைகளே வந்தன. அமார்ஃபஸ் நாடாவில் அந்தத் தில்லுமுல்லு செய்வது கஷ்டம். பதப்படுத்திய கோரைப் பிரித்து வெட்ட முயன்றால் என் மோதிரங்களுக்கு நடந்ததுதான் நடக்கும். நொறுங்குவதும் ஒரு விதத்தில் நல்லதுக்குத்தான் போல. சீனா 2010-க்குப் பிறகு இந்த நாடாவைப் பெரிய அளவில் தானே தயாரிக்க ஆரம்பித்து, தன் கிராமங்களில் போட்டும் வருகிறது. போரானும் சிலிக்கானும் இரும்பும்தான் மூலப்பொருள். இதில் அரிய உலோகம் எதுவும் இல்லை. கஷ்டமெல்லாம் சக்கரத்தில்: மணிக்கணக்கில், ஒரு சாண் அகலத்துக்கு, மைக்ரான் பிசகாமல் நாடா ஓட வேண்டும். இந்தச் சக்கரத்தை நாம் கற்றுக்கொள்ள வேண்டாமா? ஊட்ஸ் எஃகுப் பெருமை பேசும் கூட்டத்தில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறேன். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய உலையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுபவர்கள், இந்தச் சக்கரம் என்றால் கொட்டாவி விடுகிறார்கள்.

இதையெல்லாம் நேற்று இரவு நண்பனிடம் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 234, 163 வரை வந்ததும் கொஞ்சம் அமைதியானான். அவனே கால்குலேட்டரை எடுத்துச் சரிபார்த்தான். பிறகு கேட்டான்: "சரிடா, எங்க ஊர்ல டிரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சா பக்கத்து டவுன்ல ஒரு பட்டறைக்காரர்தான் தகடு தகடா பிரிச்சு, காயில் சுத்தி, மறுபடி அடுக்கித் தருவார். உன் கோரை அவர்கிட்ட குடுத்தா என்ன ஆகும்?"

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நாடாவின் முனைகளைக் கோத்திருக்கும் இணைப்பைப் பிரிக்கும்போதே சில்லு உதிரும். உதிர்ந்த சில்லு எண்ணெயில் மிதந்து எங்கேயாவது போய் உட்கார்ந்தால் அடுத்த விபத்துக்கு அதுவே காரணம். கோருக்கு மேல் பிசின் பூசி உதிராமல் பார்த்துக்கொள்கிறார்கள், பிரித்துக் கோக்கத் தனிச் சட்டங்கள் இருக்கின்றன, பயிற்சி கொடுத்தால் செய்யலாம். ஆனால் அந்தப் பட்டறைக்காரருக்கு அந்தச் சட்டத்தையும் பயிற்சியையும் யார் கொடுக்கப் போகிறார்கள்? டெண்டர் சூத்திரத்தில் அதற்கு ஒரு வரி இல்லை. இந்தக் கேள்வியில் அவன் ஜெயித்தான் என்று எழுதித் தருகிறேன். அடுத்த விடுமுறைக்கு அவனோடு அந்தப் பட்டறைக்குப் போவதாக ஏற்பாடு. மிஞ்சிய நாலு மோதிரத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு போகிறேன், அவர் கையில் கொடுத்துப் பார்க்க.

பி.கு.: காந்தமாகும்போது நீளும் குணம் டிரான்ஸ்ஃபார்மரில் குறை என்றேன் அல்லவா? பெரிய துணிக்கடைகளில், பணம் கட்டாமல் வெளியே போனால் கத்தும் ஒரு வகை வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை இருக்கிறதே, அதற்குள் இருப்பதும் இரும்பு, நிக்கல் கலந்த அமார்ஃபஸ் நாடாதான். வாசலில் இருக்கும் கம்பம் 58 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு அனுப்பும், நாடா அதே அதிர்வில் நீண்டு சுருங்கிப் பதில் சொல்லும். துடிப்பு நின்ற பிறகும் ஒரு கணம் அதிர்ந்துகொண்டிருக்கும், கம்பம் அதைக் கேட்டுவிடும். பணம் கட்டியதும் கவுண்டரில் பக்கத்துக் காந்தப் பட்டையின் காந்தத்தை நீக்குவார்கள், நாடாவின் சுருதி மாறிவிடும், கம்பத்துக்குக் கேட்காது. உங்கள் வீட்டில் பழைய பட்டை ஏதாவது கிடந்தால் பிரித்துப் பாருங்கள். உள்ளே பளபளவென்று ஒரு மெல்லிய துண்டு கிடைத்தால் பத்திரம், ஓரம் கையைக் கிழிக்கும்.